காகிதம் ஆட வேண்டுமாம்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரம் முழுக்க ஆங்கில உச்சரிப்புப் பயிற்சி. உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு ‘பேஷண்ட்’ என்று சொல்ல வேண்டும். காகிதம் ஆடினால் பாஸ். என் காகிதம் அசையவே இல்லை. பால், பழம், பஸ் எதற்குமே நாம் அப்படி ஊதுவதில்லையே, உதடு ஒட்டிப் பிரிந்தால் போதாதா?

பயிற்சி கொடுத்தவர் எல்லார் முன்னாலும், “உங்க வாயில இன்னும் மேலூர் பஸ் ஸ்டாண்டு வாடை அடிக்குது மேடம்” என்றார். மேலூர்தான் என் ஊர். சிரித்தவர்களில் பாதிப் பேர் அங்கேதான் பஸ் ஏறி வேலைக்கு வருகிறவர்கள்.

‘ஹாஸ்பிட்டல்’ சொல்ல வாயை எம்புட்டு உருட்டுவது என்று கண்ணாடி பார்த்துப் பழகினோம். லண்டனிலிருந்தா போன் வருகிறது? கோச்சடையிலிருந்தும் சோழவந்தானிலிருந்தும் வருகிறது. ஆனாலும் ஆங்கில வணக்கத்தை முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் மற்றப் பேச்சு. அது விதி.

வேலையில் எனக்கு வந்த முதல் போன். ‘பேஷண்ட் ஹெல்ப் டெஸ்க்’ என்று தொடங்கி ஒப்பித்து முடித்தேன். மறுமுனையில் ஒரு பெரியவர் திணறித் திணறிப் பேசினார்.

“ஆத்தா, நெஞ்சு அடைக்குது. தமிழ்ல சொல்லுத்தா. எங்கிட்டு வரணும்?”

வழி சொல்லி, வாசலில் ஆள் நிறுத்தினேன். பிழைத்துக்கொண்டார்.

பயிற்சி கொடுத்தவர் மறுநாள் அந்தப் போன் பேச்சின் பதிவை முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு மலர்ந்த முகத்தோடு சொன்னார்: “‘பேஷண்ட்’ இப்ப உங்க வாயில அருமையா வருது மேடம்.”