தாய்மாமன் மடி

மலாயாவின் அவசரகாலத்தில் ரெம்பியா பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்து தங்கினார். மனிதர்களின் உறவுமுறைகளைப் படிப்பவர் என்றார்கள். அப்படியும் ஒரு படிப்பு இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும். ஒல்லியான உடம்பு, வெயிலில் தோலுரிந்த மூக்கு. யாரைக் கண்டாலும் பக்கத்தில் நிற்பவரைக் காட்டி, "இவர் உங்களுக்கு என்ன முறை வேண்டும்?" என்று புத்தகத் தமிழில் கேட்பார்.

எங்கள் மகளுக்குக் காது குத்தும் நாள் வந்தது. மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் இல்லை. காட்டில் ஒளிந்து வெள்ளைக்கார அரசோடு சண்டையிட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்ததாகச் சொல்லி, என் மனைவியின் அண்ணனைப் போலீஸார் பிடித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். வேறு யாரையும் கேட்க எனக்குக் கூச்சம். பக்கத்து ஊரான அலோர் காஜாவிலிருந்து காது குத்த வந்த ஆசாரி, "சீக்கிரம்லா, ஊரடங்குக்கு முன்ன நான் வீடு போய்ச் சேரணும்" என்றார்.

என் மனைவி அந்த வெள்ளைக்காரரைப் பார்த்து, "அண்ணே, நீங்க உக்காருங்க" என்றாள்.

"எனக்கு அந்த முறை இல்லையே, அம்மா."

"தெனமும் அண்ணேன்னுதானே கூப்புடுறேன். வேற என்ன முறை வேணும்?"

அவர் நீண்ட கால்களைச் சிரமப்பட்டு மடக்கி உட்கார்ந்தார். குழந்தை அலறியபோது அவர் கண்களும் கலங்கின.

எல்லாம் முடிந்ததும் மனைவி அடுப்படிக்குள் போய், "எங்கண்ணன் எடத்துல வேற ஆள் உக்காந்தாச்சு. இனிமே அண்ணன் எங்க வரப்போகுது" என்று அழுதாள்.

அடுப்படியில் பேசுவது வாசல்வரை அவருக்குக் கேட்கும் என்பதை அவள் மறந்திருக்க வேண்டும். குழந்தை அவர் தோளிலேயே தூங்கிவிட்டது. அதை என்னிடம் கொடுக்கலாமா, தானே வைத்திருக்கலாமா என்று தெரியாதவராய் அவர் வாசலில் நின்றார். வாங்கிக்கொள்ள நானும் கை நீட்டவில்லை.