சிறுத்தைக்கு இரண்டு கிலோ கழிவு

2024 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். காலையில் பிடித்த மழை அப்போதுதான் சற்றுக் குறைந்து, பனி ஜன்னல் கம்பி வரைக்கும் வந்து நின்றது. அந்த நேரத்தில்தான் என் மனைவி தன்னுடைய இருபது முகப் பகடையை எடுத்துச் சிறிய துணிப்பைக்குள் போட்டாள். சுருக்கை இழுத்து முடிந்து என் பக்கமாகத் தள்ளினாள்.

"நீங்களே வச்சுக்கங்க," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் என்னிடம் பதில் இருந்தது.

மேசையைச் சுற்றி நான்கு பேர் இருந்தோம். நான், என் மனைவி, அவளுடைய தம்பி, பக்கத்து வீட்டு டீச்சர். மச்சினன் பொகவந்தலாவை வீதியில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். டீச்சர் ஞாயிறு காலையில் தேவாலயத்துக்குப் போய் வந்து, சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். நாலு பேருடைய வயதையும் கூட்டினால் இருநூற்று எழுபத்தொன்று. இந்த வயதில் பகடை உருட்டி அரக்கனோடு சண்டை போடுகிறோம் என்று கோயில் கமிட்டியில் கேலி செய்தார்கள். எனக்கு அது பொருட்டில்லை.

ஆட்டத்தை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவன் எங்கள் மகன். ஊரடங்குக் காலத்தில் கொழும்பிலிருந்து வந்து ஐந்து மாதம் எங்களோடு இருந்தான். வெளிநாட்டுக்குப் போகும்போது பெட்டியை விட்டுவிட்டுப் போனான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கற்பனை மனிதராக அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள். எடுத்த காரியம் பலிக்குமா, பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். கதையை நடத்தியவன் நான். ஆங்கிலப் புத்தகத்தைப் படித்து விதிகளைத் தமிழில் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்து பெரிய கிளாக்கராக வெளியே வந்தவனுக்கு அது பிடித்த வேலை.

மச்சினன் வாள்வீரன். டீச்சர் காயம் ஆற்றும் பூசாரி. "காலையில ஒரு பூசை, மத்தியானம் ஒரு பூசை. ஃபாதர் காதுல போட்டுடாதீங்க," என்பார். என் மனைவி உருமாறி, மிருகமாக மாறத் தெரிந்தவள்.

புத்தகத்தில் உருமாறிக்கு மந்திரமும் உண்டு. பக்கம் பக்கமாக மந்திரப் பட்டியல். முதல் ஞாயிற்றுக்கிழமையே அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

"எனக்கு மந்திரம் எல்லாம் வேணாங்க. பொடி எழுத்து கண்ணுக்கும் தெரியல. சிறுத்தையா மாறினா போதும்."

"மந்திரம் இல்லாட்டி அந்த ஆளுகிட்ட பாதி சக்தி போயிடும்."

"போகட்டும். எனக்கு ஓடணும்."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. ரோட்டிலிருந்து எங்கள் வாசலுக்கு ஐம்பத்தெட்டுப் படி. கடந்த நாலு வருடத்தில் கிளினிக்குக்கும் சாவு வீட்டுக்கும் தவிர அவள் அந்தப் படிகளில் இறங்கியதில்லை. வாரத்தில் ஆறு நாள் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். ஞாயிறு இரண்டு மணிக்குச் சிறுத்தையாகிவிடுவாள். பாறை விட்டுப் பாறை தாவுவாள். தாவும்போது நாற்காலியில் அவள் தோள் முன்னால் போகும். அன்றைக்கு மட்டும்தான் அவள் சத்தமாகச் சிரிப்பது. அதையும் நான் கவனித்துத்தான் வைத்திருந்தேன்.

மந்திரத்தை எடுத்துவிட்டதால் ஈடாக எதையாவது கொடுக்க வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று விட்டேன். ஒவ்வொரு உடம்புக்கும் தனி உயிர், அதாவது அடி தாங்கும் புள்ளி, என்றும் எழுதினேன். அங்கேதான் கணக்கு சறுக்கியது. சிறுத்தைக்கு உயிர் முப்பது. அது தீர்ந்தால் இவள் தன்னுடைய முழு இருபத்திரண்டோடு மனுஷியாக எழுந்து நிற்பாள். அடுத்த நிமிடம் மறுபடியும் புதுச் சிறுத்தை. ஒரு சண்டைக்குள் நாலு முறை மாறினால் நூற்று இருபது, சொந்த உயிரைச் சேர்த்தால் நூற்று நாற்பத்திரண்டு. மச்சினனின் வாள்வீரனுக்கு மொத்தமே நாற்பது.

ஆறு ஞாயிற்றுக்கிழமை நான் எழுதி வைத்தேன். எதிரிகள் மேல் விழுந்த அடி நானூற்றுப் பன்னிரண்டு. அதில் மனைவி இருநூற்று முப்பத்தொன்று, மச்சினன் நூற்று இருபத்தெட்டு, டீச்சர் ஐம்பத்து மூன்று.

ஏழாவது ஞாயிறு மச்சினன் சொன்னார்: "மச்சான், நானும் டீச்சரும் போய் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறோம். இங்க அக்கா மட்டும் போதும்."

டீச்சர் சிரித்தார். மனைவியும் சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அதைப் புகார் என்று எடுத்துக்கொண்டேன். ஒருத்தர் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிற மேசை எத்தனை நாளைக்கு நிற்கும் என்று எனக்குக் கவலை. நான் எதற்கும் முன்கூட்டியே கவலைப்படுகிறவன்.

முதல் திருத்தம்: ஒரு உடம்பில் பட்ட காயம் அடுத்த உடம்புக்கும் வரும். சிறுத்தை பாதி உயிரை இழந்தால் மனுஷிக்கும் பாதிதான். அது சரியான விதி என்று இன்றைக்கும் சொல்வேன். அவளும் ஒத்துக்கொண்டாள். "அடிபட்டா அடிபட்டதுதான். நியாயந்தாங்க."

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

அவள் பாறை மறைவிலிருந்து பாயக் கற்றுக்கொண்டாள். அடி வாங்காமல் அடித்தாள். ஒரு நாளைக்கு மூன்று முறைதான் மாறலாம் என்று எழுதினேன். அவள் மரைமானாக மாறி மச்சினனை முதுகில் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்தாள். ஒரே மாற்றத்தில் ஒரு நாள் முழுக்க ஓட்டினாள். மாறுகிற சுற்றில் அடிக்கக் கூடாது என்று எழுதினேன். அவள் சண்டைக்கு முன்பே மாறிக்கொண்டு வந்தாள்.

"அக்கா பஸ்ஸ ஸ்டார்ட் பண்ணியே வச்சிருக்கா மச்சான்," என்றார் மச்சினன்.

"நீ கண்டக்டர் வேலைய மட்டும் பாருடா," என்றாள் இவள்.

ஜூன் ஒன்பதாம் தேதி பாலத்து அரக்கன். அவனை மூன்று ஞாயிறு ஓடுகிற மாதிரி நான் அமைத்திருந்தேன். மச்சினன் விழுந்து கிடந்தார், டீச்சருக்கு ஆற்றும் சக்தி தீர்ந்துவிட்டது. மனைவியிடம் ஒரே ஒரு மாற்றம் மிச்சம். நான் கொப்பியைத் திறந்து சிறுத்தைப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டேன்.

"நான் அட்டையா மாறுறேன்," என்றாள்.

"என்னது?"

"அட்டைங்க. மழை பேஞ்சா மலையில கால்ல ஏறுமே, அது."

"ஐயோ, எனக்கு உடம்பெல்லாம் கூசுது," என்று டீச்சர் காலை நாற்காலி மேல் தூக்கிக்கொண்டார்.

என் கொப்பியில் ஆறு மிருகம் இருந்தன. அட்டை இல்லை. ஒரு உயிர் கொடுத்தேன், ஒரு அடி கொடுத்தேன். அதற்கு மேல் கொடுக்க என்ன இருக்கிறது? அவள் பகடையை உருட்டி உருட்டி அரக்கனின் காலில் ஏறி, முதுகில் ஏறி, காது வழியாக உள்ளே போய்விட்டாள். அரக்கன் தன் கையாலேயே தன் தலையில் அடித்துக்கொண்டு, நிலை தவறிப் பாலத்திலிருந்து விழுந்தான். மூன்று ஞாயிறுக்கு வைத்திருந்தவன் இருபது நிமிடத்தில் முடிந்தான்.

மச்சினன் மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் மனைவி எழுந்து நின்று, ஆமாம், சுவரைப் பிடிக்காமல் எழுந்து நின்று, "உப்பு வச்சிருந்தானா பாத்தீங்களா? உப்பு இல்லாம மலையில நிக்கிறான், மடையன்!" என்றாள்.

அன்றைக்கு அட்டையின் அடி மொத்தம் ஒன்று. நான் எழுதிவந்த எந்தக் கூட்டலிலும் அந்தச் சண்டை அடங்கவில்லை. அதைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மேசைக்கு அவள் கொண்டுவந்தது நான் நிறுத்துப் பார்த்த சரக்கே இல்லை. ஆனால் நான் அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து இன்னும் நுணுக்கமாக விதி எழுதினேன்.

பதினாறாம் தேதி ஆட்டம் தொடங்குமுன் அதை வாசித்தேன். சின்ன உருவங்களுக்கு ஒரு மாற்றம் இரண்டாகக் கணக்கு. அதோடு, எந்த மிருக உடம்பானாலும் அது கொடுக்கும் ஒவ்வொரு அடியிலும் இரண்டு கழிவு. ஒரு சண்டையில் பத்துக்குக் குறைவாக அடித்தால் அந்தச் சண்டைக்கு ஒரு புள்ளிக்குப் பதில் அரைப் புள்ளி.

மச்சினன் கூரையைப் பார்த்தார். மனைவி கேட்டாள்:

"எதுக்குங்க ரெண்டு?"

"பொதுவா ரெண்டு."

"ஈரத்துக்கா, சாக்குக்கா?"

எனக்கு உடனே விளங்கவில்லை. மச்சினனுக்கு விளங்கிவிட்டது. "அக்கா, விடு," என்றார்.

கல்யாணத்துக்கு முன் அவள் இரண்டு வருடம் கொழுந்து பறித்தவள். என் தோட்டம் இல்லை, வேறு தோட்டம். ஆனால் கொழுந்து நிறுக்கிற மடுவம் எல்லாத் தோட்டத்திலும் ஒன்றுதான். பறித்ததைக் கொண்டுவந்து தராசில் வைத்தால், சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோ கழிப்போம். மழை பெய்தாலும் கழிப்போம், காய்ந்து கிடந்தாலும் கழிப்போம். அன்றைக்குக் குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். எல்லாரும் குறித்ததைத் தாண்டிப் பறித்தால் அடுத்த மாதம் குறிக்கிற கிலோ கூடும். இதையெல்லாம் நான் ஒருநாளும் அநியாயம் என்று நினைத்துச் செய்யவில்லை. கணக்கு என்றால் அப்படித்தான் என்று கை பழகிவிட்டது. அந்தக் கை சொந்த வீட்டு மேசையிலும், ஒரு கற்பனைச் சிறுத்தையின் மேலும் அதே இரண்டைக் கழித்தது.

"நான் கொஞ்சம் நல்லா ஓடுனா நீங்க கொஞ்சம் கூட்டுறீங்க," என்றாள். "எங்க தோட்டத்துக் கணக்குப்புள்ள பரவாயில்ல. அந்த ஆளு என்னைய வீட்டுல வச்சு நிறுக்கல."

பிறகுதான் பகடையைப் பைக்குள் போட்டாள். டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு, "நான் அடுப்பில பருப்பு வச்சிட்டு வந்தேன்," என்றார். வைத்திருக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

பதினொரு ஞாயிறு ஆட்டமே இல்லை. அவள் என்னோடு பேசாமல் இருக்கவில்லை. சாப்பாடு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், டிவி பார்த்தாள். சிரிப்பு வருகிற இடத்திலும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது மாதம் நான் கொப்பியில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கழிவை எடுத்துட்டேன். அட்டைக்கும் ஒண்ணுமில்ல. முதல்ல இருந்த மாதிரியே விளையாடலாம்."

"இப்ப எடுப்பீங்க."

"இனிமே போட மாட்டேன்."

"போடுவீங்க. நான் ஆறு ஞாயிறு செயிச்சா உங்களுக்குத் தூக்கம் வராது." டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "உங்கள குத்தம் சொல்லலங்க. ஆனா எப்ப நிறுப்பாங்களோன்னு பாத்துக்கிட்டே ஓடுறது ஓட்டம் இல்ல."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நிமிடத்திலும், முதலில் இருந்த மாதிரி என்றால் நூற்று நாற்பத்திரண்டுக்கு நாற்பது ஆயிற்றே என்றுதான் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

செப்டம்பரில் மச்சினன் தன் வீட்டில் ஆட்டத்தைத் தொடங்கினார். நாலு கிலோமீட்டர் தள்ளி, அடுத்த தோட்டத்து எல்லையில் வீடு. டீச்சர் போகிறார், மச்சினன் மகளும் உட்காருகிறாளாம். பெட்டியையும் பகடைகளையும் நான்தான் கொடுத்தனுப்பினேன். கொப்பியை வேண்டாம் என்றுவிட்டார்.

"அக்காவுக்கு எத்தனை உயிர் வைக்கிறீங்க மாப்ளை?" என்று போனில் கேட்டேன்.

"தெரியல மச்சான். சாகுற மாதிரி இருந்தா சொல்லுவா."

"காயம் அடுத்த உடம்புக்கு வருதா?"

"ஞாபகம் இருந்தா வரும்."

இப்படி நடத்தினால் ஆட்டம் குலைந்துபோகும் என்று சொன்னேன். இதுவரை குலையவில்லை. எல்லாச் சண்டையிலும் சிறுத்தைதான் செயிக்கிறதாம். யாரும் தேத்தண்ணி குடிக்க எழுந்து போவதில்லையாம்.

அங்கே போவதற்காக அவள் இப்போது ஞாயிறுதோறும் ஐம்பத்தெட்டுப் படியும் இறங்குகிறாள். ஒரு கையில் கைப்பிடிக் கம்பி, ஒரு கை என் தோளில். ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து நிற்க வேண்டும். இறங்கப் பதினேழு நிமிடம், ஏற இருபத்தொன்பது. ஏறி வந்து ராத்திரி முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓடியிருக்க வேண்டியவள். இந்த வீட்டு மேசை அவளுக்கு எட்டடி தூரம். அதை நாலு கிலோமீட்டராக ஆக்கியது நான்தான்.

நானும் கூடவே போகிறேன். உள்ளே வரக் கூடாது என்பது அவளுடைய ஒரே நிபந்தனை. "நீங்க வந்தா உங்க மூஞ்சியில தராசு தெரியும்." மச்சினன் வீட்டு வாசலில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எதிரே தேயிலை, கீழே ஆறு. உள்ளே பகடை உருளும். யாரோ "அக்கா, பாயு!" என்பார்கள். பிறகு அவள் சிரிப்பாள். எத்தனை முறை என்று நான் எண்ணுவதில்லை. எண்ணாமல் இருக்கப் பழகுகிறேன் என்று சொல்வதுதான் சரி.

மூவீல் ஆட்டோ ஓட்டுகிற பையன் முதல் மூன்று ஞாயிறு போக வர ஆயிரத்து இருநூறு வாங்கினான். பிறகு ரோடு கெட்டுவிட்டது என்று ஆயிரத்து நானூறு ஆக்கிவிட்டான். அதற்குப் பிறகு பதினாலு ஞாயிறு போயிருக்கிறோம். நான் பேரம் பேசவில்லை. மொத்தம் இருபத்து மூவாயிரத்து இருநூறு ரூபாய்.