கூடைக்குக் கை கொடுக்காத காலம்

நேற்று குழாயடியில் பூக்காரி இருந்தாள். இஸ்திரிக்காரர் பெண்சாதி இருந்தாள். மாடி வீட்டுப் பெண் இருந்தாள். கடைசியில் நான், குடத்தோடு.

"பால்காரம்மாவத் தள்ளி வெச்சிட்டோம் ஆயா, அதுங்கூட பேசறதில்ல" என்றாள் பூக்காரி, சிரித்துக்கொண்டே. பேசாமல் இருப்பதற்கெல்லாம் இப்போது அந்தச் சொல்லைப் போடுகிறார்கள். எனக்குக் கருவாட்டு வாடை அடித்தது.

அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டபோது எனக்கு எட்டு வயது. அடையாறு கடலில் சேரும் இடத்தில் எங்கள் குப்பம். அக்கா, சாந்தோம் மாதா கோயில் பக்கத்து வேதக்காரப் பையனைக் கட்டிக்கொண்டாள். பஞ்சாயத்து கூடியது. குப்பத்துத் தலைவர் நாட்டார், "உம் பொண்ணு செத்துட்டான்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்" என்றார்.

"உசுரோட கீறவள இன்னான்னு சொல்றது நாட்டாரே?" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். தள்ளி வைத்தார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அம்மா பின்னால் வந்தார்.

தள்ளி வைத்தால் நெருப்பு தரமாட்டார்கள், கிணற்றில் வாளி போட விடமாட்டார்கள். அதையெல்லாம் தாங்கலாம். ஆனால் தலைக்குக் கூடையைத் தூக்கிவிடவும் மாட்டார்கள். மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்துப் புது வீடுகள் கட்டிக்கொண்டிருந்த காலம். கொத்து வேலைக்காரர்களிடம் அம்மா கருவாடு விற்றாள். அந்தக் கூடையை ஒருத்தியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. அப்பாவும் அண்ணனும் விடியுமுன் கடலுக்குப் போய்விடுவார்கள். முதல் நாள் நான் கை கொடுத்தேன். பாதி நெத்திலி மணலில். எனக்கு வீறாப்பு இருந்த அளவு உயரம் இல்லை.

மறுநாள் அம்மா வீட்டுக்குப் பின்னாலிருந்த மணல்மேட்டைக் குடைந்து, தோளளவு குழி எடுத்தாள், ஒரு பக்கம் சரிவாக. மேலே விளிம்பில் இழுத்து வைத்த கூடை, கீழே அவள். குனிந்து தலையைக் கொடுத்து, கூடையை வாங்கிக்கொண்டு சரிவில் ஏறினாள்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா யாரிடமோ சொல்வதுபோல், "தனக்கே குழி வெட்டிக்கினு கீறா பாரு" என்றாள்.

அம்மாவும் திரும்பவில்லை. "ஏறி வரத் தெரிஞ்சவதான் வெட்டுறா."

இரவுக் காற்றில் குழி பாதி மூடிவிடும். அம்மா தினமும் தோண்டினாள். ஒரு காலை போனால், குழி தோண்டித் தயாராக இருந்தது. அடுத்த நாளும். நாட்டார் வந்து பார்த்தார்.

"யாருடி வெட்டுனது?"

"காத்துதான் நாட்டாரே" என்றாள் கன்னியம்மா.

"காத்து மூடும். வெட்டுமா?"

"நம்ம காத்து வெட்டும்."

குழி வெட்டக் கூடாது என்று பஞ்சாயத்தில் யாரும் சொல்லியிருக்கவில்லை. நாட்டார் போய்விட்டார்.

அம்மா அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள், அங்கேயே சாப்பிட்டாள். திரும்பச் சேர்த்துக்கொண்டோம் என்று எவரும் வந்து சொல்லவில்லை. ஒரு நாள் கன்னியம்மா வந்து கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தாள். அம்மா இந்தப் பக்கத்தைப் பிடித்தாள். கூடை தலைக்குப் போனது.

இன்று அந்த மேட்டில் அடுக்குமாடி. கருவாடு பையில் அடைத்து வருகிறது. யாருக்கும் யாரும் தூக்கிவிட வேண்டியதில்லை.

அம்மா குழியில் இறங்கி ஏறிய காலைகள், நான் எண்ணியது, நாற்பத்து மூன்று.