லைலின் நாற்பத்தொரு கத்தல்கள்

காரின் சூடேற்றி முழு மூச்சாக இரைய, டோரின் பென்னர் ஆட்டத்தின் பதிவை ஓடவிட்டுக் கைப்பேசியைப் பக்கத்து இருக்கையில் கவிழ்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். வெளியே மைனஸ் இருபத்தெட்டு. பல் மருத்துவமனை திறக்க இன்னும் இருபது நிமிடம். இந்த இரைச்சலையும் மீறி ஐஸ்மேல் கல் நகரும் ஓசை காதில் விழுந்தால், அது எந்தக் கூடத்திலும் விழும் என்பது அவர் கணக்கு. விழாவிட்டால், நோயாளிகளுக்கு நாள் குறித்துத் தரும் சீட்டின் பின்புறம் பதிவின் நிமிடக் கணக்கோடு பென்சிலால் எழுதுவார்: "12.40, லைல், இறக்கு. 12.46, கல், ஏத்து."

வயது ஐம்பத்தெட்டு. மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் பத்தொன்பது வருடம். உள்ளே பல்லைத் துளைக்கும் கருவி அலறும்போது அவர் குரலை உயர்த்த மாட்டார். அது ஓயும் இடைவெளியில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுவார். "சத்தத்தோட சண்டைக்குப் போனா சத்தம்தான் ஜெயிக்கும்" என்பார். கனத்த கல்லை ஐஸ்மேல் வழுக்கிவிட்டு ஆடும் ஊர் கர்லிங் மன்றத்தின் சனிக்கிழமை ஆட்டங்களை வெட்டி ஒட்டி இணையத்தில் ஏற்றும் வேலையை அவராகத்தான் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதுவரை அதைச் செய்துவந்த மனிதருக்குக் காது மந்தம்.

வேலை லேசில்லை, காரணம் அணித்தலைவர் லைல் டிர்க்சன். சட்டைக் காலரில் மைக்கைக் குத்திக்கொண்டு, கல் போய் நிற்க வேண்டிய வட்டத்தருகே நிற்பார். திட்டம் பேசும்போது ரகசியம் சொல்வதுபோல் முணுமுணுப்பார். கல் கிளம்பிவிட்டாலோ, அது வேகம் குறையாமல் போக அதற்கு முன்னால் ஐஸைத் தேய்த்துக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்து "தேய்ங்க, தேய்ங்க" என்று ஊரையே கூட்டுவார்.

முதியோர் இல்லத்தில் புதன்தோறும் மதியம் டோரின் ஏற்றிய ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் போடுவார்கள். அங்கே ஸ்டெல்லா ஹவ்ரிலுக் இருக்கிறார். ஒரு காலத்தில் நான்கு முறை கோப்பை வென்ற அணித்தலைவி. இப்போது எண்பத்து நான்கு வயது, இரண்டு கண்ணும் போய்விட்டன. அவருக்கு ஆட்டம் என்பது காதில் விழுவது மட்டும்தான். அந்தக் காதுக்கும் வந்தது ஆபத்து. லைலின் கத்தலில் மற்றவர்கள் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார்கள். இல்லத்துப் பணிப்பெண் மரிசெல் தொலைக்காட்சியை ஊமையாக்கிவிட்டாள்.

"மூணு டீ கப்பு போச்சு டோரின்," என்றாள் அவள். "நான் எந்நேரமும் ரிமோட்டும் கையுமா நிக்க முடியுமா? இன்னும் ரெண்டு புதன் பாப்பேன். அப்பறம் கேக் செய்யற நிகழ்ச்சிதான்."

டோரின் அந்த வாரமே எல்லா ஒலியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் பொத்தானை அமுக்கினார். முணுமுணுப்பு, கத்தல், தேய்ப்பு, கல் எல்லாம் சமம். அந்தப் புதன் டீ கப் ஒன்றும் உடையவில்லை. டோரினுக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்டெல்லாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னடி பண்ணி வச்சிருக்க? எல்லாரும் என் மூக்கு மேல நின்னு பேசறாங்க. கல்லு கிட்ட வருதா தூரப் போகுதான்னே புரியல. இதுக்கு ஊமையா இருந்ததே தேவலாம்."

டோரினுக்குச் சுருக்கென்றது. கேட்கும்படி செய்தது சரி, தூரத்தை அல்லவா அழித்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டார்.

மரிசெல் கொடுத்த கடைசிப் புதனுக்கான ஆட்டத்தை அவர் எந்தப் பொத்தானிடமும் ஒப்படைக்கவில்லை. அது கத்தலை அமுக்கும்போது அதோடு சேர்ந்து வரும் கல்லின் ஓசையையும் விழுங்கிவிடும். லைல் அன்று நாற்பத்தொரு தடவை கத்தியிருந்தார். ஒவ்வொன்றையும் கணினித் திரையில் தேடிப் பிடித்து, அவர் காலர் மைக்கை மட்டும் கையால் இறக்கினார். வட்டத்துக்கு மேலே தொங்கும் மைக்கை அப்படியே விட்டார். தூரத்தில் கிளம்பும் கல் சன்னமாகத் தொடங்கி, நெருங்க நெருங்கப் பெருத்தது. ஞாயிறு முழுக்க இதே வேலை. மதியச் சாப்பாட்டுக்கு ஊறுகாய் வெள்ளரியும் ரொட்டியும்.

விஷயம் தெரிந்து லைல் தொலைபேசியில் கொதித்தார். "என் குரலையா நறுக்கற?"

"நறுக்கல லைல். நீ நின்ன இடத்துலயே உன்ன நிக்க வச்சிருக்கேன்."

பின்னாலிருந்து அவர் மனைவி சொன்னது டோரினுக்கும் கேட்டது: "முப்பது வருஷமா என்னால முடியல, அந்தம்மா ஒரே நாள்ல முடிச்சிட்டா."

புதன்கிழமை டோரின் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். மரிசெல்லின் கட்டைவிரல் ரிமோட்டின்மேல் தயாராக இருந்தது. முதல் கத்தல் வந்தது. ஒருவரும் அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது. மரிசெல் ரிமோட்டை அலமாரியில் வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விட்டாள்.

ஆறாவது சுற்றில் லைலின் அணியுடைய கல் ஒன்று கிளம்பியது. ஸ்டெல்லா தலையைச் சாய்த்தார்.

"வேகம் பத்தாது. தேய்க்கச் சொல்லுடா, மடையா."

திரையில் லைல் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு மூச்சு கழித்துத்தான் "தேய்ங்க, தேய்ங்க" என்று அலறினார்.

"இப்பக் கத்தி என்ன புண்ணியம்? வட்டத்துக்கு ஒரு சாண் முன்னாடியே படுத்துக்கும் பாரு."

கல் ஒரு சாண் முன்னாடியே நின்றது. கூடம் கொல்லென்று சிரித்தது. யாரோ கை தட்டினார்கள். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் டோரினால் உட்காரவே முடியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஸ்டெல்லா கைத்தடியால் தரையைத் தட்டினார். "முதல்லேர்ந்து இன்னொரு தரம் போடுடி."

டோரின் போட்டார். பிறகு தன் நாற்காலியைத் தொலைக்காட்சிக்கு முதுகு காட்டும்படி திருப்பி, ஸ்டெல்லாவின் முகத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்துகொண்டார்.