அண்ணனுக்குச் சவரம்

போன வருஷம் காரிமங்கலம் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அண்ணன் பைக்கிலிருந்து விழுந்து இரண்டு கைகளையும் உடைத்துக்கொண்டான். முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டு. அண்ணி பிரசவத்துக்காகப் பாப்பிரெட்டிப்பட்டியில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். எங்கள் அம்மாவுக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. சோறு ஊட்ட ஆள் இருந்தது. தாடி எடுக்க ஆள் இல்லை.

"நீதான் லேப்ல ஊசி குத்தி ரத்தம் எடுக்கறியே, உனக்குக் கை நடுங்காது. நீயே எடுத்து வுடு" என்றாள் அம்மா.

பிளாஸ்டிக் ரேசரால் முயன்று பார்த்தேன். முரட்டுத் தாடி, இரண்டு இழுப்பிலேயே அடைத்துக்கொண்டது. முகமெல்லாம் சிவந்து கொப்புளம். கடையை விட்டுவிட்டு வர முடியாது என்று சலூன்காரர் சொல்லிவிட்டார். "கத்தி தரேன், கத்துக்கறீங்களாக்கா? கஷ்டமில்லை" என்றார். என்னைவிட இளையவர்தான்.

அவர் ஒரு பலூனை ஊதி, நுரை தடவிக் கொடுத்தார். அதன்மேல் கத்தியை ஓட்டி நுரையை மட்டும் வழிக்க வேண்டும். முதல் பலூன் வெடித்தது, இரண்டாவதும் வெடித்தது. "கத்திய நிமித்தாதீங்க, சாய்ச்சே புடிங்க. இன்னொரு கையால தோலை இழுத்துக்கணும். முடி சாயற பக்கமாவே வாங்க." கடை மூடும் நேரத்துக்குள் ஒரு பலூனை முழுசாக வழித்துவிட்டேன். கிளம்பும்போது சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன், "மீசைய எடுக்கணும்னா?"

"மொதல்ல கத்திரியால ஒட்டக் கொறைச்சுக்குங்க. இல்லைன்னா இழுக்கும்."

இதைக் கேட்கத்தான் நான் அங்கே போனேன்.

நான் காலேஜ் இரண்டாவது வருஷம் படித்தபோது, தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் கூடப் படிக்கும் பையன் ஒருவனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை யாரோ அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் என் சடையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து நிறுத்தினான். அம்மாவின் தையல் கத்திரியால் பிடரியோடு வெட்டினான். வெட்டும்போது அவன் கத்தவில்லை. "இனி எவன் பாக்கறான்னு பாப்போம்" என்று மெதுவாகத்தான் சொன்னான். அம்மா அடுப்படியில் நின்றிருந்தாள், வெளியே வரவில்லை. மறுநாளும் காலேஜுக்குப் போனேன். அந்தத் தலையோடு பஸ்ஸில் நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு கூசுகிறது.

அண்ணனுடைய மீசை ஊருக்கே தெரியும். கோயில் பண்டிகைக்கு பஸ் நிறுத்தத்தில் பிளக்ஸ் வைத்திருந்தார்கள். விழாக்குழுவில் அவன் படம்தான் பெரிசு, மீசையை முறுக்கிவிட்ட படம். பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் அவனை நாற்காலியில் உட்காரவைத்தேன்.

கன்னத்தை முடித்துவிட்டுக் கழுத்துக்கு வந்தேன். தலையைப் பின்னால் சாய்த்தான். தொண்டைக் குமிழ் கத்திக்கு அடியில் ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் கத்தியை அப்படியே வைத்திருந்தேன்.

"என் சடைய வெட்டினியே, ஞாபகம் இருக்கா?"

அவன் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினான். "இப்ப எதுக்கு அது?"

"இருக்கா இல்லையா?"

"இருக்கு."

கத்தியை எடுத்தேன். கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பிறகு கத்திரியை எடுத்தேன். மீசையில் முதல் வெட்டு விழுந்ததும்தான் அவனுக்குப் புரிந்தது. எழப் பார்த்தான். தோளில் கை வைத்து உட்காரவைத்தேன். கட்டுப்போட்ட கைகளை வைத்துக்கொண்டு அவனால் என்ன செய்ய முடியும்? "அம்மா" என்று கூப்பிட்டான். அம்மா வருவதற்குள் பாதி போயிருந்தது.

"என்னடி பண்ற?"

"பாதியோட வுட்டா இன்னும் அசிங்கமா இருக்கும்மா" என்றேன். நுரை போட்டு மீதியையும் நிதானமாக வழித்து, துணியால் துடைத்துவிட்டு, கண்ணாடியை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். மேல் உதடு வெளுத்து, வேறு யாரோ போல இருந்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பண்டிகைக்கு அவன் போகவில்லை. விழாக்குழு ஆட்கள் வீட்டுக்கே வந்து பார்த்து, சிரிப்பை அடக்கமுடியாமல் வாசலுக்குப் போய்ச் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் முகம் அரிக்க ஆரம்பித்ததும், வேறு வழியில்லாமல் என் முன்னால்தான் வந்து உட்கார்ந்தான். "மீசைய வுட்டுடு" என்றான். என்னிடம் அவன் அப்படிக் கெஞ்சிக் கேட்டது அதுதான் முதல் தடவை. "சரி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வழித்தேன். கட்டுப் பிரிக்கும்வரை ஒவ்வொரு வாரமும் வழித்தேன். கடைசியில் அவன் கேட்பதையே நிறுத்திவிட்டான். நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வான்.

கட்டுப் பிரித்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வரும்போது கேட்டான், "இப்பவாவது மனசு ஆறிடுச்சா?"

"இல்லை" என்றேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.