எந்தப் படலையில் போய் ஏசுவது?

இன்று கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் போகும் பஸ்ஸில், வன்னி மாவட்ட வேட்பாளர் ஒருவருக்காக ஒரு தம்பி துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டு வந்தார்.

பக்கத்தில் இருந்த, கிளிநொச்சி வட்டக்கச்சியைச் சேர்ந்த அக்கா ஒருவர் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

“எனக்கு இதால பிரயோசனமில்லை தம்பி. தேர்தலுக்குக் கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்தோட எல்லோ.”

முன்சீட்டு ஐயா திரும்பினார். “முந்திக் கிளிநொச்சித் தொகுதிக்கு ஒரேயொரு எம்.பி. ரோட்டில குழி எண்டால் அவரின்ர வீட்டு வாசல் படலையில போய் நிண்டு ஏசுவம். இப்ப மாவட்டம் முழுக்கச் சேர்த்துக் கனபேர், ஆரின்ர படலைக்குப் போறது?”

அக்கா கொஞ்சம் யோசித்தார். பிரசுரத்தைத் திரும்ப வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

“மகள் மாங்குளத்தில இருக்கிறாள், அவளுக்கு வோட்டு வன்னியில. அவளை உங்கட ஆளுக்குப் போடச் சொல்லுறன். அவர் எங்கட ரோட்டையும் பார்ப்பாரோ?”

“ஓம் அக்கா, கட்டாயம்.”

பஸ்ஸே சிரித்தது.

தொகுதிக்கும் மாவட்டத்துக்கும் எல்லை கீறியவர்கள் வாக்குறுதிக்கு மட்டும் கீறவில்லை. உங்கள் படலைக்கு வாக்குக் கேட்டு எந்த மாவட்டத்து ஆள் வந்தார்?