மாட்டு வண்டி ரிவர்ஸ் எடுத்த கதை

மெட்ராஸிலிருந்து வந்த பிரிண்ட் அவுட்டைப் பார்த்து மேனேஜர் சிரித்த சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்னும் எரிகிறது. எழுபதுகளின் கடைசி. பிள்ளையார்பட்டித் திருவிழாவுக்கு வரும் வண்டிகளை எங்கே நிறுத்தலாம் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் வேலை எங்கள் காரைக்குடி ஆபீஸுக்கு வந்திருந்தது. சிமுலா என்ற மொழியில் புரோகிராம் எழுதியவள் நான். கம்ப்யூட்டர் இருந்தது மெட்ராஸில். புரோகிராமின் ஒரு வரிக்கு ஒன்றாகத் துளையிட்ட அட்டைகளைப் பெட்டியில் கட்டி ரயிலில் அனுப்பினால் பதில் வர ஒரு வாரம் ஆகும்.

“ஏம்மா, மாட்டு வண்டியெல்லாம் பஸ் மாதிரி ரிவர்ஸ் எடுத்துப் போயிருக்கு. எந்த ஊரு மாடு இது?”

மாட்டைப் பூட்டி, முன்பக்கமாகத்தான் திருப்புவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? ‘வண்டி’ என்று ஒரு தாய் கிளாஸ், எல்லா வண்டிக்கும் பொதுவான அச்சு. அதில் ‘கிளம்பு’ என்று ஒரு புரொசீஜர், அதாவது செய்முறை: பின்னால் வா, திரும்பு, போ. அதிலிருந்து பிறந்த ‘மாட்டு வண்டி’ கிளாஸில் அதே பெயரில் வேறு ‘கிளம்பு’ எழுதியிருந்தேன். மெயின் புரோகிராம் எல்லாவற்றையும் ‘வண்டி’ என்றே வரிசையில் வைத்து, ‘கிளம்பு’ என்று கூப்பிடும். பிள்ளையுடையது ஓட வேண்டிய இடத்தில் தாயுடையது ஓடியிருந்தது.

“கூப்பிடுற இடத்துலெல்லாம் மாட்டு வண்டியான்னு கேட்டு எழுதீரு. இருபது இடம் இருக்குமா?”

“நாளைக்கு ஜட்காவையும் சேக்கச் சொல்வீக சார். அப்ப இன்னொரு இருபது இடமா?”

“சொன்னதைச் செய்யி. இந்தத் தடவையும் தப்பா வந்துச்சுன்னா நீ வேலைக்கு வர வேணாம்.”

தப்பு என்னுடையதுதான். சிமுலாவில் அந்தப் புரொசீஜரைத் தாய் கிளாஸிலேயே ‘விர்ச்சுவல்’ என்று அறிவிக்க வேண்டும். இதைப் பிள்ளை தன் வழியில் செய்துகொள்ளலாம் என்ற அனுமதி அது. நான் அதை விட்டிருந்தேன். இருபது இடத்தில் கை வைக்க மனம் ஒப்பவில்லை. அந்த அறிவிப்புக்கான ஒரே ஒரு அட்டையைச் சேர்த்து, அவரிடம் சொல்லாமலே பெட்டியைக் கட்டினேன். அந்த வாரம் முழுக்கப் போய் அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

பிரிண்ட் அவுட் வந்தது. மாட்டு வண்டிகள் எல்லாம் முன்பக்கமாகத் திரும்பிப் போயிருந்தன.

“இருபது இடத்துலயும் எழுதிட்டேல்ல?”

“ஒரு இடத்துலயும் எழுதலை சார். ஒரு அட்டைதான் சேத்தேன்.”

அவர் முகம் சிவந்தது. “சொன்னபடி செய்ய மாட்டியா?”

“என்ன வேலைன்னு சொல்லுங்க சார், செய்றேன். எப்படிச் செய்யணுங்கிறதை எங்கிட்ட விட்ருங்க. மாட்டு வண்டிக்கே அப்படி விட்டாத்தான் சரியா வருது.”

அடுத்த மாதம் குதிரை பூட்டிய ஜட்காவையும் சேர்க்கச் சொல்லி வேலை வந்தது. புதிதாக ஒரு கிளாஸ் எழுதினேன். மெயின் புரோகிராமில் ஓர் அட்டையைக்கூடத் தொடவில்லை. கூப்பிடும் இடத்தில் ஆளை விசாரிக்காமல், வேலையின் பெயரை மட்டும் சொல்லப் பழகுங்கள் என்றுதான் இன்று புரோகிராம் படிக்க வரும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். ஜட்காவைச் சேர்த்த அந்தப் பெட்டி மெட்ராஸுக்குப் போன அன்று மேனேஜர் எதையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.